இயல்பறிந்து பேணல் : மிஸாஜ் கோட்பாடும் இக்கால ஆளுமை வகைமையும்

சென்ற கல்வியாண்டில் நம் துறையின் பட்டிமன்றத்திற்குப் பெயர் கொடுத்திருந்த இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கையில் நம்மிடம் வந்து, தம் பெயரை நீக்கிவிடுமாறு வேண்டினார். காரணம் கேட்டோம். கைபேசியை எடுத்துக் காட்டினார். திரையில் நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தன. "ஐயா, நான் உள்ளொடுங்குற வகை. மேடை எனக்கு ஒத்து வராதுன்னு இதுலயே போட்டிருக்கு" என்றார். சில பத்து வினாக்களுக்குக் கால்மணி நேரத்தில் விடையளித்து அவர் பெற்ற தீர்ப்பு அது. அதனை அவர் மருத்துவரின் சான்றிதழைப் போலவே நீட்டினார் என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைத்தது. "நாளை வா தம்பி, பேசுவோம்" என்று அனுப்பிவிட்டோம், பெயரை நீக்கவில்லை.

மாந்தரை வகைப்படுத்திக் காணும் வேட்கை இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் 'அவனுக்குச் சூட்டு உடம்பு', 'இவளுக்குக் குளிர்ந்த உடம்பு' என்று பிரித்தே சோற்றையும் குழம்பையும் பரிமாறினர். பித்தம் தலைக்கேறியது என்கிறோம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டெனக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுத்தார். வள்ளுவரோ 95ஆம் அதிகாரமாகிய மருந்தில், வளி முதலாகிய மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோயாம் என்னும் நூலோர் கொள்கையைத் தொடக்கத்திலேயே வைத்தார். ஆகவே வகைப்படுத்துதல் தகுமா என்பது நம் வினாவன்று. வகையை அறிந்தபின் அதனைக்கொண்டு என்ன செய்வது என்பதே வினா.

நான்கெழுத்தின் வரலாறு

அம்மாணவர் காட்டிய தேர்வின் வேர், சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் கார்ல் குஸ்தாவ் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்னும் பெருநூலில் உள்ளது. உளவாற்றல் புறம் நோக்கிச் செல்வோர், அகம் நோக்கிச் செல்வோர் என மாந்தரை அவர் இருதிறப்படுத்தினார். சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என நான்கு செயற்பாடுகளையும் கூறினார். ஒருவரிடம் ஓங்கி நிற்கும் இயல்புக்கு எதிரான இயல்பு அழிந்துவிடுவதில்லை, அது மறைவில் நின்று ஈடுசெய்ய முயல்கிறது என்பதும் அவர் கொள்கை. இந்தப் பாதியைத்தான் பின்வந்த தேர்வுகள் பெரும்பாலும் மறந்துவிட்டன.

யுங்கின் கருத்தை வினாத்தாளாக மாற்றியவர்கள் அமெரிக்கத் தாயும் மகளுமாகிய காதரின் பிரிக்ஸ், இசபெல் மயர்ஸ் ஆகிய இருவர். இருவரும் உளவியல் பட்டம் பெற்றவர்களல்லர். இரண்டாம் உலகப் போரின்போது வேலைக்குச் செல்லத் தொடங்கிய பெண்களுக்கு ஏற்ற பணியைக் கண்டறிய உதவும் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய முயற்சி, 1962இல் தேர்வாக அச்சேறியது. நான்கு இணைகள், பதினாறு வகைகள். இன்று கைபேசியில் உலவுபவை பெரும்பாலும் அதன் சாயலில் எழுந்தவையே.

இதன்மீது உளவியலார் கூறும் குறைகள் எளியவை. ஐந்தடி ஐந்தங்குலத்தில் ஒரு கோடு கிழித்து, வகுப்பிலுள்ளோரை நெட்டையர், குட்டையர் என இரண்டே பிரிவாக்கினால் எப்படியிருக்கும்? கோட்டுக்கு அரை அங்குலம் மேலும் கீழுமாக நிற்போரும் பலர் இருப்பர். அவர்கள் ஒருவருக்கொருவர் நெருங்கியவர்கள். ஆயினும் இருவேறு இனமாகிவிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து அதே தேர்வை மறுபடி எழுதினால் கணிசமானோர்க்கு வேறு வகை வந்துவிடுவதும் இதனாலேயே.

மற்றொரு குறை நம்மிடமே உள்ளது. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவு எழுதித் தந்தார். எந்த அளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26. பின்னரே உண்மையை உடைத்தார்: அனைவர்க்கும் கொடுத்தது ஒரே தாள், கடைத்தெருவில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கிய தொடர்கள். நம்மைப் பற்றி யாரேனும் சற்றுப் பரிவோடு எழுதினால் அது நமக்கேயென எழுதப்பட்டது என்று நம்பிவிடுகிறோம்.

இன்றைய ஆய்வாளர் பெரிதும் கைக்கொள்வது ஐங்கூற்று அளவை. புதுமை நாட்டம், ஒழுங்குணர்வு, புறநோக்கு, இணக்கம், உளக்கலக்கம் என்னும் ஐந்தையும் அது உண்டு, இல்லை என்று கூறாது. எவ்வளவு என்று கூறும். இதன் தோற்றம் மொழித்துறையார் பெருமையோடு சொல்லிக்கொள்ளத்தக்கது. 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்னும் இருவர் ஓர் ஆங்கிலப் பேரகராதியைப் புரட்டி, மனிதரை வேறுபடுத்திக் காட்டும் சொற்கள் ஏறத்தாழ 18,000 எனத் திரட்டினர். மக்கள் பேச்சில் சொல்லாக நிலைத்த வேறுபாடே வாழ்வில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு என்பது இவ்வழியினரின் அடிப்படை. அந்தச் சொற்குவியலை வடித்து வடித்துப் பெற்றவையே இந்த ஐந்து.

யவனரும் யூனானியும்

இனி, நம் சமுதாயத்திற்கு அணுக்கமான மற்றொரு வழியைக் காண்போம். சங்க இலக்கியம் கூறும் 'யவனர்' என்னும் சொல்லும், 'யூனானி' மருத்துவம் என்னும் பெயரும் அயோனியா என்னும் ஒரே இடப்பெயரில் பிறந்தவை. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் மரபில் தோன்றி, கேலனால் (கி.பி. இரண்டாம் நூற்றாண்டு) விரிவுபெற்ற மருத்துவத்தை, ஒன்பதாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலானோர் பக்தாதில் இருந்து அறபுக்கும் சிரியாக்குக்கும் பெயர்த்தனர். புகாரா அருகே பிறந்த இப்னு ஸீனா (980 – 1037) அதனை 'அல்கானூன்' என்னும் ஐந்து பகுதி நூலில் முறைப்படுத்தினார். இலத்தீனில் பெயர்க்கப்பெற்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பதினேழாம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்த நூல் அது. நம் மாநிலத்திலும் இம்மருத்துவம் உயிரோடிருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் 1979இல் தொடங்கிய அரசு யூனானி மருத்துவக் கல்லூரியை அறியாதார் இலர்.

இம்மருத்துவத்தின் நடுநாயகமான சொல் 'மிஸாஜ்'. கலவை என்பது அதன் பொருள். வெம்மை, தண்மை, ஈரம், வறட்சி என்னும் நான்கு பண்புகள் ஒருவரிடம் கலந்து நிற்கும் விதமே அவருடைய மிஸாஜ். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களில் உருது பேசும் இல்லங்களில் நலம் உசாவும்போது 'மிஸாஜ் எப்படி?' என்றே கேட்பர். நாள்தோறும் நாம் கேட்கும் அவ்வினாவுக்குள் ஓராயிரம் ஆண்டு மருத்துவம் அடங்கியிருக்கிறது.

இப்னு ஸீனா மிஸாஜை ஒன்பதாக்கினார். சமநிலை ஒன்று, ஒரு பண்பு மட்டும் மிகுந்தவை நான்கு, இரு பண்புகள் கூடி மிகுந்தவை நான்கு. மக்கள் வழக்கில் நின்றவை நான்கு வகைகள்: குருதி ஓங்கிய தமவீ, கோழை ஓங்கிய பல்கமீ, மஞ்சட்பித்தம் ஓங்கிய ஸஃப்ராவீ, கரும்பித்தம் ஓங்கிய ஸவ்தாவீ. முதல்வர் கலகலப்பானவர், இரண்டாமவர் நிதானமானவர், சற்று மந்தமானவர், மூன்றாமவர் விரைவும் சினமும் மிக்கவர், நான்காமவர் ஆழ்ந்து எண்ணுபவர், கவலைப்படுபவர். இப்பழைய முறையில் இதனை அறிய வினாத்தாள் எதுவும் இல்லை. தொட்டால் தெரியும் வெம்மை, சதையும் கொழுப்பும், முடி, நிறம், உறுப்பமைப்பு, வெப்பதட்பத்தை உடல் ஏற்கும் விரைவு, உறக்கம், உறுப்புகளின் செயல், கழிவு, உள்ளக் கிளர்ச்சி எனப் பத்து அடையாளங்களை மருத்துவர் நோக்குவார். பத்தில் உள்ளம் ஒன்று, உடல் ஒன்பது. இந்த விகிதத்தை நினைவில் கொள்ளுமாறு வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

நோய்களின் காரணம் இந்நான்கு நீர்களே என்பதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. 1628இல் ஹார்வி குருதியோட்டத்தை விளக்கியதும், 1858இல் விர்ஷோ நோயை உயிரணுக்களில் தேடச் சொன்னதும் அக்கொள்கையைப் பின்தள்ளின. குருதிச் சோதனைக்கூடத்தில் கரும்பித்தத்தைக் கண்டவர் எவருமிலர். இதனை மறைத்துப் பழம்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் அம்மருத்துவர்கள் வகையை என்னவாகக் கருதினர் என்பது இன்றும் பயன்தரும்.

நேர்பாதியா, நீதியா?

'கானூன்' நூலில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது ஒரு சொல்லாராய்ச்சி. சமநிலையைக் குறிக்கும் 'முஃததில்' என்னும் சொல், எடையில் சரிக்குச் சரி என்று பொருள்படும் 'தஆதுல்' என்பதிலிருந்து வந்ததாக மருத்துவர் கொள்ளலாகாது, பங்கீட்டில் நீதி என்று பொருள்படும் 'அத்ல்' என்பதிலிருந்து வந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறார் இப்னு ஸீனா. நான்கு பண்புகளும் எடைபோட்டாற்போல் ஒத்திருப்பது உலகில் காணமுடியாதது. அவரவர்க்கு, அந்தந்த உறுப்புக்கு, எது உரியதோ அது கிடைத்திருப்பதே சமநிலை. அங்ஙனமாயின் உள்ளொடுங்கியவர் பாதி நாள் கூட்டத்திலும் பாதி நாள் தனிமையிலும் இருக்க வேண்டும் என்பதன்று சமநிலை. அவருக்குரிய தனிமையும் அவருக்குரிய கூட்டமும் அவருக்குக் கிடைக்க வேண்டும். 'நடுநிலை' என்று நாம் எளிதில் பெயர்த்துவிடும் சொல்லுக்குள் இத்தனை பொருள் உண்டு.

இதே கருத்து மருத்துவ நூலுக்கு வெளியேயும் உண்டு. ஸல்மான் ஃபாரிஸீ (ரலி) அவர்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கு உடன்பிறப்பாக்கிவைத்த அபுத்தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றார்கள். இல்லத்தரசியார் மங்கிய ஆடையோடு இருக்கக் கண்டார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் வணக்கம். ஸல்மான் (ரலி) அவர்கள் தம்மோடு உண்ணச் செய்தார்கள். இரவில் உறங்கச் செய்தார்கள். இரவின் பிற்பகுதியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உடலுக்கும், குடும்பத்திற்கும் உரிமை உண்டு, உரியதை உரியவர்க்குக் கொடுப்பீர் என்பது அவர்கள் கூறியதன் கருத்து. செய்தியறிந்த நபியவர்கள் ஸல்மான் சொன்னது உண்மையே என்றார்கள். புகாரீ நூலில் உள்ள இந்நிகழ்ச்சியில் அபுத்தர்தாவின் இயல்பை எவரும் மாற்றச் சொல்லவில்லை. வணக்கத்தில் தோய்ந்த அவருடைய இயல்பு வணக்கத்திலேயே நின்றது. பங்கீடு மட்டும் திருத்தப்பட்டது.

பங்கீடு எவற்றிற்கு? யூனானி மருத்துவர் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதவை ஆறு என்பர்: காற்று, உணவும் நீரும், உடலின் இயக்கமும் ஓய்வும், உள்ளத்தின் இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவு வெளியேறலும் தங்கலும். மிஸாஜ் என்பது இந்த ஆறில் ஒருவர் எங்கே சறுக்குவார் என்பதை முன்கூட்டியே காட்டும் குறிப்பு என்றே நாம் கொள்கிறோம். நிதானமானவர் உறக்கத்தில் சறுக்குவார். விரைவானவர் உணவு நேரத்தைத் தவறவிட்டு, அந்தப் பசியைப் பிறர்மேல் சினமாகக் காட்டுவார். நோன்பு நாள்களில் அஸருக்குப் பின் எவரிடம் நெருங்கலாகாது என்பதை அந்தந்த வீட்டார் நன்கறிவர். கலகலப்பானவர் விருந்திலும் நட்பிலும் உள்ளத்திற்கு ஓய்வே தரமாட்டார். ஆழ்ந்து எண்ணுபவர் நள்ளிரவில் விழித்திருந்து, பகலில் தீர்ந்துபோன வழக்கை மீண்டும் நடத்துவார். தம் வகையைத் தெரிந்துகொண்டவர் இந்த ஆறையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தம்மைக் கவனிப்பாரானால், நான்கெழுத்துத் தருவதைவிட மிகுதியாக அறிந்துகொள்வார்.

துயரம் குறித்துப் பெரியோர்களிடம்

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். பிள்ளை ஒருவன் உண்ணாமல், உறங்காமல், எவரோடும் பேசாமல் இருந்தால், ஈமான் குறைவு என்றோ சோம்பல் என்றோ கூறிவிடுகிறோம். பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன், பல்கு நாட்டைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (850 – 934) என்னும் அறிஞர் உடல், உள்ளம் ஆகிய இரண்டின் நலம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அதன் கையெழுத்துப்படி இஸ்தான்புல் நகரின் ஆயா ஸோஃபியா தொகுப்பில் உள்ளது. உடலுக்கு நோய் உண்டு என்பதுபோல உள்ளத்திற்கும் நோய் உண்டு, அது எவரையும் விடுவதில்லை என்கிறார் அவர். சினம், அச்சம், துயரம், ஓயாது அரிக்கும் எண்ணம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்கிறார். துயரத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: காரணம் தெரிந்த துயரம் ஒன்று, காரணம் தெரியாமல் கவிவது மற்றொன்று. பின்னையதற்கு வேர் உடலில் இருக்கிறது, உடலுக்குரிய மருத்துவம் வேண்டும் என்பது அவர் முடிவு. மார்க்கம் கற்ற ஒருவர் எழுதியது இது.

அவர் கூறும் வழிகளுள் ஒன்று எளியது. திடீர் நோய்க்கென வீட்டில் சில மருந்துகளை முன்னரே வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாள்களிலேயே நல்லெண்ணங்கள் சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்; கலக்கம் வந்தபின் தேடினால் அகப்படா.

இரு வாரங்களுக்கு மேலாகத் துயரம் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டால் அது ஆளுமை வகையன்று. மருத்துவரிடம் செல்ல வேண்டிய நிலை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேசுவார்கள்.

பேச்சிழந்த ஆசிரியர்

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் (1058 – 1111) வாழ்க்கையில் 1095ஆம் ஆண்டு நிகழ்ந்தது, ஆசிரியத் தொழிலில் இருப்போரை நடுங்கச் செய்வது. பக்தாத் நிஸாமிய்யாவில் 300 மாணவர்க்குக் கற்பித்துக்கொண்டிருந்தவர். புகழின் உச்சியில் இருந்தவர். தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்னும் ஐயம் அவரை ஏறக்குறைய ஆறு மாதம் அலைக்கழித்தது. ஒருநாள் நா எழவில்லை. மாணவர் மனம் குளிர ஒரு பாடமேனும் நடத்த முயன்றார். ஒரு சொல்லும் வரவில்லை. பின்னர் உணவு இறங்கவில்லை, இறங்கியது செரிக்கவில்லை. மருத்துவர்கள் கைவிரித்தனர். இது உள்ளத்தில் தொடங்கி மிஸாஜுக்குள் இறங்கியிருக்கிறது, உள்ளத்தின் சுமை தணிந்தாலன்றி மருந்து பயன்படாது என்பது அவர்கள் கருத்து. இதனைத் தம் தன்வரலாற்று நூலாகிய 'அல்முன்கித்'தில் அவரே எழுதியிருக்கிறார். அவ்வாண்டே பக்தாதை விட்டு நீங்கினார். மீண்டும் கல்விக்கூடத்தில் கற்பிக்க வந்தது 1106இல், நைசாபூரில்.

தம் உடலில் பட்டறிந்தவர் என்பதால்தான் 'இஹ்யா'வில் அவர் கூறுபவை ஏட்டுப் பேச்சாக இல்லை. எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்து கொடுக்கும் மருத்துவர் பலரைக் கொல்வார். எல்லா மாணவர்க்கும் ஒரே பயிற்சியை விதிக்கும் ஆசானும் அத்தகையவரே. மாணவரின் நோய், வயது, மிஸாஜ், தாங்கும் வலிமை ஆகியவற்றை நோக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சினத்தை வேட்டை நாயாகவும், ஆசையைக் குதிரையாகவும், அறிவை வேட்டுவனாகவும் உருவகப்படுத்துகிறார். நாயையும் குதிரையையும் கொன்றுவிட்டால் வேட்டை இல்லை. சினம் மிகுந்தால் கண்மூடித்தனம், குறைந்தால் கோழைமை. தம்மிடம் இருப்பது எத்தகைய நாய், எத்தகைய குதிரை என்று அறிவதே இயல்பறிதல்.

அதனை அறிவது எவ்வாறு? இங்கேதான் அவர் இன்றைய வினாத்தாளிலிருந்து முற்றிலும் விலகுகிறார். வினாத்தாள் நம்மைப் பற்றி நம்மையே கேட்கிறது. இமாமவர்களோ நால்வழி காட்டுகிறார்கள்: குறை காணும் கண்ணுடைய ஆசான், உண்மை பேசும் நண்பன், பகைவரின் நாக்கு, மக்களோடு பழகி, பிறரிடம் வெறுப்பதைத் தம்மிடம் தேடிப் பார்ப்பது. நான்கில் ஒன்றுகூடத் தனியறையில் முடிவதன்று.

மறுநாள் வந்த மாணவரிடம் இவையெல்லாம் கூறவில்லை. அவருக்கு அடுத்த வகுப்பு இருந்தது. "உன்னை நன்கறிந்த நண்பன் ஒருவனிடம், எனக்கு மேடை ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டு வா" என்று மட்டும் சொன்னோம். இரண்டு நாள் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தார். நண்பர் சொன்ன விடை: "உனக்கு மேடை வராம இல்லடா, தூக்கம்தான் வரல." மாலையில் ஒரு துணிக்கடையில் வேலை, இரவு பதினொரு மணிக்குக் கடை அடைப்பு, ஊர் சென்று படுக்க ஒரு மணி, காலை ஆறரைக்குப் பேருந்து, பெரும்பாலும் வெறும் வயிறு. கல்விக் கட்டணத்திற்காக ஓராண்டாக நடப்பது. வகுப்பில் முன்வரிசையில் இருந்தும் நாம் இதனை அறிந்திருக்கவில்லை. பத்து அடையாளங்களில் ஒன்பது உடலைச் சார்ந்தவை என்று மேலே குறித்தது இதற்காகவே.

அவர் இயல்பாகவே அமைதியானவர் என்பதும் மெய்தான். அதனை எவரும் மாற்ற வேண்டியதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வைத்திருந்த பட்டிமன்றத்தை முற்பகல் பதினொரு மணிக்கு மாற்றினோம். பேச்சாளர் அனைவர்க்கும் பத்தரைக்குச் சிற்றுண்டி என்று ஏற்பாடு செய்தோம். எதிர்வாதம் பேசும் இடத்தை விடுத்து, எழுதி வைத்துப் பேசத்தக்க தொடக்கவுரையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். எட்டு நிமிடம் பேசினார். முதல் இரண்டு நிமிடம் குரல் சற்று நடுங்கியது.